பாதி இங்கே, மீதி எங்கே? செட்டிநாட்டுப் பழம்பொருள் பயணம்

வியாழன், காரைக்குடி

முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கடைக்குள் இருக்கும் இரும்பும் பித்தளையும் காய ஆரம்பித்துவிடும், எதையும் கையில் எடுத்து நிதானமாகப் பார்க்க முடியாது. நானும் அண்ணன் மகளும் போனபோது பாதிக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. அவள் மெக்கானிக்கல் படிக்கிறாள். எதைக் கண்டாலும் "இது எப்படி வேலை செய்யும் அத்தை?" என்பாள். அவளைக் கூட்டிவந்ததே அதற்காகத்தான்.

இந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேக்குக் கதவு, தூண், தஞ்சாவூர்ப் படம், மங்குச் சாமான் (பீங்கான், எனாமல் பாத்திரங்கள்) இவற்றைத் தேடி வருகிறார்கள். ஓட்டலுக்கும் புது வீட்டுக்கும் அழகுக்காக வாங்கிப் போகிறார்கள். எங்களுக்கு வேண்டியது கடையின் பின்பக்கம், கோணியில் குவித்துக் கிடக்கும் சாமான். எதற்கென்று சட்டென்று சொல்ல முடியாதவை. கடைக்காரரிடம் உடனே கேட்பதில்லை என்று வழியிலேயே பேசிவைத்திருந்தோம். முதலில் கையில் எடுக்க வேண்டும், எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் பேச்சு.

முதலில் கிடைத்தது இரும்பு வளையம் ஒன்று. அதிலிருந்து கொத்தாகச் சின்னச் சின்னக் கொக்கிகள் தொங்குகின்றன. எல்லாம் மேல்நோக்கி வளைந்தவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கிறது. போன வாரம் ஒருவர் இதைக் கறி மாட்டுவது என்று நினைத்து விலை கேட்டாராம். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் இது தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவளே கண்டுபிடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கறி மாட்டுவதென்றால் ஒரே வரிசையில் கொக்கி இருந்தால் போதுமே. நாலா பக்கமும் கொக்கி வைத்தவருக்கு, மாட்ட வேண்டிய பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. அப்படியென்றால் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்" என்றாள். அவ்வளவுதான், பாதிக்கிணறு தாண்டிவிட்டாள். மீதியை நான் சொன்னேன்: பாதாளக் கரண்டி. கயிறு அறுந்து வாளியோ குடமோ கிணற்றுக்குள் விழுந்துவிட்டால், இதைக் கயிற்றில் கட்டி இறக்கி அடிச்சேற்றைத் துழாவுவார்கள். ஏதாவது ஒரு கொக்கி வாளியின் பிடியில் மாட்டும். கயிறு கனக்கும்போது கைக்கே தெரிந்துவிடும்.

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய அம்மா ஊரில் ஒரு தெருவுக்கு ஒரு பாதாளக் கரண்டிதான் இருந்ததாம். இரவல் வாங்க வருகிறவர் செம்போ தட்டோ எதையாவது ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக முடியும். காரியம் முடிந்ததும் மறந்துபோகிற சாமான் என்பதால் அந்த ஏற்பாடு. இப்போது ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்துவிட்டன. வாளி விழ ஒரு திறந்த கிணறு இருந்தால்தானே இதற்கு வேலை.

இரண்டாவது, ஒரு மரப்பலகை. மேலே வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். பல்லாங்குழி என்று சொல்ல முடியாது, அதற்கு 14 குழி போதும், குழியும் சோழி போடுகிற அளவுக்கு ஆழமாக இருக்கும். இதிலோ பத்துக்குப் பத்தாக நூறு குழி, ஒவ்வொன்றிலும் ஒரு மிளகு உட்காரும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் விளிம்பு இல்லாமல் திறந்திருக்கிறது. இது செட்டிநாட்டுச் சாமானே இல்லை. திருவிதாங்கூரில் புழங்கிய சக்கரப் பலகை. சக்கரம் என்பது மிகச் சின்ன வெள்ளிக் காசு. அதில் இருபத்தெட்டரை கொடுத்தால்தான் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். கோவிலிலும் கருவூலத்திலும் ஆயிரக்கணக்கில் குவியும் அந்தப் பொடிக் காசை விரலால் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? பலகை மேல் ஒரு கை அள்ளிப் போட்டு ஆட்டினால் குழிக்கு ஒரு காசு உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தைத் திறந்த பக்கமாக வழித்துவிட்டால் பலகையில் நிற்பது சரியாக நூறு. குழியின் ஆழம் ஒரு காசின் கனமே இருப்பதுதான் இதன் சூட்சுமம். இரண்டு காசு ஏற இடமில்லை. பொறியியல் படிக்கிறவள் அந்தக் குழியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

முன்பு திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாட்டுப் பக்கமிருந்து யாரோ விற்று இங்கே வந்திருக்க வேண்டும். காரைக்குடிக் கடையில் இருப்பதெல்லாம் காரைக்குடிச் சாமான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்துக் கடையில் ஒரு வெண்கலப் பறவை இருந்தது, எண்கோணப் பீடத்தில் உட்கார்ந்தபடி. பொம்மை என்று வாங்கிப் போகிறார்கள். அதே பறவை சின்னதும் பெரியதுமாக மூன்று இருந்ததைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும். பர்மாவில் அன்னத்தின் உருவத்திலும் சிங்கத்தின் உருவத்திலும் எடைக்கற்கள் வார்த்தார்கள். அபின் எடை என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்துவிட்டாலும் எல்லாச் சரக்கையும் இதில்தான் நிறுத்தார்கள். 1885 போருக்குப் பிறகு நாடு முழுக்க பிரிட்டிஷார் கைக்குப் போனதும் அவர்களுடைய எடைகள் வந்தன, அன்னம் அலமாரிக்குப் போனது. அங்கே வியாபாரத்துக்குப் போன செட்டிநாட்டு நகரத்தார் யாரோ ஊருக்குக் கொண்டுவந்திருக்கலாம்.

கிளம்பும்போது ஒரு சாமான் வாங்கினேன். விரல் நீளத்துக்கு மரக்கட்டை, தலையில் கிளி செதுக்கியிருக்கிறது. கீழ்ப்பகுதியில் நூல்நூலாக மிக நெருக்கமான பிளவுகள், அந்தப் பகுதி மட்டும் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. கோலம் போடும் அச்சு என்றார் கடைக்காரர். அச்சில் மாவு இருந்திருக்க வேண்டும், எண்ணெய் ஏன் ஏறப்போகிறது? நாளைக்குப் பள்ளத்தூரில் ஒரு ஆச்சியைப் பார்க்கப் போகிறோம், அங்கே காட்டலாம்.

வெள்ளி, பள்ளத்தூர்

என் தோழியின் பெரியாத்தா வீடு. முகப்பில் நுழைந்தால் பின்வாசல் தெரு வரை நேர்கோட்டில் கதவுகள். முன்பு ஒரே நேரத்தில் பல புள்ளிகள், அதாவது கல்யாணமான மகன்களின் குடும்பங்கள், குடியிருந்த வீடு, முற்றத்தைச் சுற்றிய வளவில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. இன்றைக்கு ஆச்சியும் ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும். மற்றவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், கல்யாணத்துக்கும் முன்னோருக்கு இடும் படைப்புக்கும் வருவார்கள்.

கிளி செதுக்கிய கட்டையை ஆச்சி கையில் கொடுத்தேன். கேள்விகூட முழுதாகக் கேட்கவில்லை. "இங்க வா ஆத்தா, உக்காரு" என்று அண்ணன் மகளைத் தரையில் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, ஒரு கற்றை முடியை எடுத்து அந்தப் பிளவுகளுக்குள் நுழைத்து வேரிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுத்தார். ஈர்கொல்லி! பேனைச் சீப்பால் வாரி எடுத்துவிடலாம். ஆனால் முடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஈர் சீப்புக்கு வராது. முடி மட்டும் நுழைகிற அளவுக்கு நெருக்கமான பிளவு இருந்தால்தான் அதை உருவ முடியும். எண்ணெய் தலையிலிருந்து வந்த எண்ணெய்.

ஆச்சி அதைக் கடைசியாகத் தொட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். அவர் யோசித்துச் சொன்ன மாதிரியே தெரியவில்லை, கை முந்திக்கொண்டது. இரவு படுக்கப் போகும் வரை அண்ணன் மகள் அதைப் பற்றியே பேசினாள். எனக்கும் இந்தப் பயணத்தில் இதுவரை பார்த்ததில் இதுதான் பெரிது. ஒரு கருவி என்பது பாதிதான். பாதாளக் கரண்டிக்குக் கிணறு, பலகைக்குச் சக்கரக் காசு, ஈர்கொல்லிக்கு எண்ணெய் தேய்த்த நீள முடியும் மதியப்பொழுதில் அதைப் பிடித்து உட்காரும் இன்னொருத்தியும். அந்த மறுபாதி போய்விட்டால் கையில் மிஞ்சுவது புதிராகிவிடுகிறது. எதற்கு இது என்று கேட்பதைவிட, இதனுடன் எது இருந்தது என்று கேட்டால் சீக்கிரம் விடை கிடைக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆச்சி சாமான் அறையைத் திறந்துவிட்டார். பெட்டகங்கள், வரிசையாக அடுக்கிய மங்குச் சட்டிகள். அடியைத் திருப்பிப் பார்த்தால் சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரைகள். பித்தளை, வெண்கலம் எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள், அந்தக் குடும்பத்தின் விலாசம். விசேஷத்துக்கு நாலு வீட்டுச் சாமான் ஒன்றாகக் கலந்தாலும் கழுவிப் பிரிக்கும்போது தவறிப்போகாது. நேற்றுக் கடையில் பார்த்த சட்டிகளிலும் விலாசம் இருந்தது. அதை ராவிவிட்டால் விலை கூடும் என்று நினைக்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள் என்று ஆச்சி சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லலாம் போல இருக்கிறது. அந்த எழுத்தைச் சுரண்டினால் சட்டி மட்டும் மிஞ்சும், அது எந்த வீட்டில், எந்தப் பெண்ணோடு வந்தது என்பது போய்விடும்.

பெண்ணோடு வந்தது என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நகரத்தார் கல்யாணங்களில் கொடுக்கும் சாமான்களையெல்லாம் எழுதிவைப்பார்கள், முறைச்சிட்டை என்று பெயர். ஆச்சியின் அம்மாவுடைய சிட்டை ஒன்று பத்திரமாக இருக்கிறது. வரி வரியாகச் சாமான் பெயர். அதில் 'பாலாடை' என்று ஒரு வரி வந்ததும் அண்ணன் மகள் நிறுத்தினாள். பாலின் மேல் படிவதை எப்படிச் சீராகக் கொடுப்பார்கள்? ஆச்சி சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார்: வெள்ளியில் சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் மூக்காக நீண்டிருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது. மூக்கின் நுனி காகிதம்போல் மெலிந்திருந்தது. அந்த வீட்டில் எத்தனை குழந்தைகளின் வாய் பட்டிருக்கும்!

மூலையில் மரக்கால், படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் வரிசையாக இருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆச்சி பாட்டுப் போலச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். "படி வரை எல்லாம் இரண்டு இரண்டாகப் பெருகுகிறது, அதனால் ஒரு பாத்திரத்தை வைத்து இன்னொன்றைச் சரிபார்த்துவிடலாம்" என்றாள். அதை நான் யோசித்ததே இல்லை. படியின் விளிம்புக்குக் கீழே சின்னச் சின்ன முத்திரைகள் குத்தியிருந்தன, அளவு சரிதான் என்று அதிகாரிகள் பார்த்து இட்ட அடையாளம். 1956இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கிலோ நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில்தான் அணா போய் நயா பைசா வந்திருந்தது. கொஞ்ச காலத்துக்குள் வீட்டிலும் கடையிலும் இருந்த எத்தனை சாமான் வேலையிழந்திருக்கும்! ஆச்சி வீட்டில் மட்டும் இன்றும் அரிசி உழக்கில்தான் அளக்கிறார்கள்.

போகும் முன் பட்டாலை என்கிற கூடத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. உத்தரத்தில் இரண்டு இரும்புக் கொண்டிகள், எதிர்ச் சுவரின் மேல் ஒரு துளை, துளைக்குள் சின்ன உருளை. துளையின் கீழ் விளிம்பு மட்டும் கயிறு அறுத்து வழவழவென்று குழிந்திருக்கிறது. கயிறு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் கீழே இறங்கியிருக்கிறது என்று அந்தத் தேய்மானமே சொல்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் காற்று வராத குறுகிய நடை. பங்கா, அதாவது உத்தரத்தில் தொங்கும் துணி விசிறியை, இழுத்தவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருந்தவர்களுக்குக் காற்று வீச, அவர் புழுக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எந்தச் சிட்டையிலும் அவர் பெயர் இருக்காது. சுவரில் இந்தக் குழிவு இருக்கிறது. நாங்கள் இருவரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தோம்.

சனி, ஆத்தங்குடி

இன்று ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறை. யூகிக்க வேலையில்லை, கருவிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் இடம். ஆனால் யாரும் இல்லாத நேரத்தில் ஒருவர் இந்தப் பட்டறைக்குள் நுழைந்து, சுவரில் மாட்டியிருக்கும் அச்சுகளை மட்டும் பார்த்தால் திண்டாடித்தான் போவார். உலோகத் தகடுகளை வளைத்துப் பூவும் இலையும் நட்சத்திரமுமாக அறை அறையாகப் பிரித்திருக்கிறார்கள். மேலே பிடி. அடியும் கிடையாது, மூடியும் கிடையாது. பலகாரம் வெட்டுகிற அச்சு என்றுதான் தோன்றும்.

வேலையைப் பார்த்தால் தெளிந்துவிடும். அடியில் ஒரு கண்ணாடி, அதன்மேல் சதுரச் சட்டம், சட்டத்துக்குள் இந்த அச்சு. சிமெண்டும் வண்ணமும் கலந்த குழம்பை ஒவ்வோர் அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள், கை நடுங்காமல், சிந்தாமல். பிறகு அச்சை நேராக மேலே தூக்கிவிட வேண்டும். வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டபடி, ஆனால் கலக்காமல் நிற்கின்றன. அதன்மேல் ஈரத்தை இழுத்துக்கொள்ள மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடி, அதற்கும் மேல் குழைத்த கலவை, மட்டம் தட்டல். காய்ந்ததும் சில நாள் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயில். கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். சூளையே கிடையாது.

மூலையில் ஒதுக்கிப் போட்ட பழைய அச்சுகள் நிறைய. ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்டதற்கு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன் நிமிராமலே, "அடிய பாரும்மா" என்றார். தகடுகளின் அடிவிளிம்பு அங்கங்கே தேய்ந்து மேடுபள்ளமாகிவிட்டது. கண்ணாடியில் முழுதாகப் படியாததால் கீழே வண்ணம் கசிந்து பக்கத்து அறைக்குப் போய்விடும். பார்க்க முழுசாக இருக்கிற அச்சு, வேலைக்கு ஆகாது. அண்ணன் மகள் ஒன்றை எடுத்து எது சிவப்பு, எது பச்சை என்று கேட்டாள். "அது வீட்டுக்காரங்க இஷ்டம்" என்றார். ஒரே அச்சில் ஒரு வீட்டில் சிவந்த பூவும் இன்னொரு வீட்டில் நீலப் பூவும் பூத்திருக்கும். கோடு அச்சில் இருக்கிறது, நிறத்தைத் தேட வேண்டுமென்றால் ஊர் ஊராகப் போய்த் தரையைப் பார்க்க வேண்டும். அப்படி யாராவது அச்சையும் வீட்டையும் இணைத்து ஓர் ஏடு எழுதிவைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அச்சு ஒவ்வொன்றும் பழைய இரும்புக்குப் போவதற்குள் செய்ய வேண்டிய வேலை.

பட்டறைக்கு வெளியே உடைந்த சில்லுகள் கிடந்தன. கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு, கீழடி வழியாக மதுரை

ஊர் திரும்பும் வழியில் சிவகங்கைப் பக்கமாக வந்து கீழடி அருங்காட்சியகத்தில் இறங்கினோம். 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருப்பதால், நேற்று வரை பார்த்த திண்ணையும் முற்றமும் இங்கேயும் தொடர்கின்றன. உள்ளே இருப்பவையோ இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையவை. காரைக்குடியில் தெரியாததை ஆச்சியிடம் கேட்டோம், இங்கே கேட்க எந்த ஆச்சியும் இல்லை. அகழாய்வு செய்கிறவர்களுக்குத் தேய்மானமும், அந்தப் பொருள் எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்பதும்தான் சாட்சி. நடுவில் துளையிட்ட சுடுமண் உருண்டை தனியாக இருந்தால் மணி என்றும் சொல்லலாம். தக்களி என்று அதைச் சொல்லக் கதிர் செருகும் துளையும் சுழலத் தோதான கனமும் வேண்டும். அப்படி நூல் நூற்ற ஊர் இது என்று சொல்ல அந்தச் சின்ன மண்ணுருண்டை போதுமாக இருக்கிறது. தந்தத்தில் செய்த தாயக்கட்டைகள் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்திருந்தது. பானை ஓட்டை வட்டமாகத் தட்டி எடுத்த சில்லுகள் இருந்த இடத்தில் ஒரு பையன், "பாண்டி ஆடுறது, எங்க அக்கா இத வச்சுத்தான் ஆடும்" என்று அடித்துச் சொன்னான். இவள் விடவில்லை. "விளிம்பைப் பாரு. சிலது சும்மா உடைச்ச மாதிரி இருக்கு, சிலது தேய்ச்சு வழவழப்பாக்கியிருக்கு. விளையாட மட்டும்னா எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? சாடிக்கு மூடியா இருந்திருக்கலாம், எண்ணுறதுக்கு வச்சிருந்திருக்கலாம்." அவன், வழவழப்பா இருந்தால்தான் காலால் தள்ள நல்லா இருக்கும் என்றான்.

வெளியே வந்ததும் மண்ணில் குச்சியால் கட்டம் கீறினார்கள். ஆத்தங்குடிச் சில்லு பையிலிருந்து வந்தது. பையன் எங்கிருந்தோ ஓட்டுத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, படிக்கல்லில் தேய்த்து வட்டமாக்கினான். எறிந்து பார்த்ததில் கோணல்மாணலான ஆத்தங்குடிச் சில்லு விழுந்த இடத்திலேயே நின்றது. தேய்த்த வட்டச் சில்லு கொஞ்சம் சறுக்கி அடுத்த கோட்டைத் தொட்டது. காலால் தள்ளியபோது நிலைமை தலைகீழ்: வட்டச் சில்லு சொன்ன கட்டத்துக்குப் போய் நின்றது, மற்றது மண்ணைக் கிளறிக்கொண்டு கோணலாகப் போனது. எறிவதற்கு ஒன்று, தள்ளுவதற்கு ஒன்று என்று இரண்டு விதமாகவும் வைத்திருப்பார்களோ என்று அவள் கேட்க, பையன் "எங்க அக்காகிட்ட ரெண்டும் இருக்கு" என்றான். ஆசிரியர் கூப்பிட்டுவிட்டார், அவன் தன் சில்லை எடுத்துக்கொண்டு ஓடினான். பாக்கி இருந்த மூடிக் கேள்விக்காக இவள் மறுபடி உள்ளே போய், அங்கே வைத்திருந்த சாடிகளின் வாய் அகலத்தைக் கண்ணால் அளந்து நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.